சிஞ்ஞோராவின் பறவைக் கணக்கு
மன்னாரிலிருந்து வந்த ஸ்ரெல்லா, இத்தாலியின் பலேர்மோவில் பார்வை மங்கிய ஒரு சிஞ்ஞோராவை, அதாவது ஓர் அம்மையாரை, பராமரிக்கிறாள். சிஞ்ஞோராவுக்குப் பறவைகள் என்றால் உயிர். ஸ்ரெல்லா பார்த்துச் சொல்வதைக் கேட்டு அவர் இனத்தைச் சொல்ல, அவள் கொப்பியில் குறிப்பாள்.

அன்று ஸ்ஃபெர்ராகவால்லோ கரையில் ஒரு வெள்ளைக் கடற்காகமும் ஒரு மண்ணிறக் கடற்காகமும் நின்றன.

“இரண்டும் ஒரே இனம். மண்ணிறமானது இளசு,” என்றார் சிஞ்ஞோரா.

மலைப்பாறையில் ஒரு நீலக் குருவி, ஒரு சாம்பல் குருவி. அவையும் ஆணும் பெண்ணுமாக ஒரே இனமாம்.

அடுத்து மரத்தில் அச்சொட்டாக ஒரேமாதிரி இரண்டு சிறு குருவிகள். ஸ்ரெல்லா நம்பிக்கையோடு ‘ஒரே இனம்’ என்று எழுதினாள். அவை பாடத் தொடங்கியதும் சிஞ்ஞோரா சிரித்தார்.

“இது இரண்டு இனம். பாட்டைக் கேள்.”

கண்ணை மூடிக் கேட்டும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டில் கணவன் அலோசியஸிடம் சொன்னாள்: “வேறையா இருந்தா ஒண்டாம், ஒரேமாதிரி இருந்தா வேறையாம்.”

“அவவுக்குக் கண் தெரியாதெல்லோ?”

“ஓம். ஆனா பறவைப் புத்தகத்திலையும் அப்பிடித்தான் கிடக்கு.”