ஒரே பிரதியும் தொப்பி தின்ற ஆடும்

சேலை வியாபாரத்தில் ஒரு நிம்மதி உண்டு: பிடிக்காத சேலையை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், புத்தகமோ பிடிக்காவிட்டாலும் திரும்பி வராது. நான் காரின் பின்பக்கம் சேலைகளையும் ஒரு கூடைத் தமிழ்ப் புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டு மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களைச் சுற்றுகிறவள். சேலை விற்பனைக்கு, புத்தகம் இரவலுக்கு. கொடுத்ததைத் திரும்பக் கேட்க வாய் வராமல் விழிக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யானில் கை கழுவியது

கோவிந்தன் அண்ணன் ஒரு காலத்தில் சுங்கை லாலாங் பக்கத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இப்போது யான் என்ற ஊரில் மகன் வீட்டில் வயலைப் பார்த்தபடி கதை எழுதுகிறார். அவருடைய கதைப் புத்தகத்தில் மிச்சம் ஒரே பிரதிதான். மற்றதெல்லாம் வெள்ளத்தில் போயிற்று. மெர்கோங்கில் என் தங்கை வீட்டில் வாசகர்களைக் கூட்டி அவரைப் படிக்கச் சொல்லலாம் என்று ஆரம்பித்தது நான்தான். கெடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறையாயிற்றே என்று தேதியையும் நானே வைத்தேன்.

அதற்குள் ஒருமுறை படித்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். குழாயடியில் என்னைக் கை கழுவ வைத்து, துடைக்கத் துண்டும் கொடுத்த பிறகுதான் புத்தகத்தை நீட்டினார்.

“இதுவும் போயிட்டா நான் எழுதுனதுக்கு அத்தாட்சியே இல்ல, தங்கச்சி.”

கூடையில் வைத்த தப்பு

அதைக் கூடையில் வைத்திருக்கக் கூடாது. சுங்கை லாலாங்கில் சேலை பார்க்க வந்த பாக்கியம் அக்கா, பின் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து, நம்ம லாரிக்கார அண்ணன் என்று எடுத்துக்கொண்டார். புரட்டினால், அவர்கள் தோட்டத்து ஆடு மானேஜரின் தொப்பியைத் தின்ற கதையும் உள்ளே இருக்கிறது. நின்றபடியே படிக்க ஆரம்பித்தவரிடம் எப்படிப் பிடுங்குவது? வெள்ளிக்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. காலையும் மாலையும் போன் போட்டேன். சமையற்கட்டில் வைத்துப் படிக்க வேண்டாம் என்றேன். எச்சில் தொட்டுப் புரட்ட வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் அக்காவே கேட்டுவிட்டார்.

“எடுத்த சேலை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க?”

சாமி மேடையில்

வெள்ளிக்கிழமை காலை போனால், புத்தகம் சாமி மேடையில் இருக்கிறது. அட்டையில் சந்தனம், குங்குமம். மேலே அக்கா மகளின் பள்ளிப் புத்தகங்கள். சரஸ்வதி பூஜை! என் வீட்டில் தொங்குவது பேங்க் காலண்டர். அதில் நான் விடுமுறையை மட்டும்தான் பார்ப்பேன், இங்கே இந்தப் பூஜைக்கு விடுமுறை கிடையாது. மேடையில் வைத்த புத்தகத்தை மறுநாள் காலை பூஜை முடியும்வரை தொடக்கூடாது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், தொட்டால் என்னைவிட்டுப் போக என்ன படிப்பு இருக்கிறது என்று கெஞ்சினேன். எனக்குப் போகாது, ஆனால் தன் மகள் எஸ்.பி.எம். பரீட்சை எழுதப் போகிறாளே என்றார் அக்கா. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்த அக்கா உள்ளே போய், என்னிடம் வாங்கிய புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

“புத்தகம்தான் வரக்கூடாது. நான் வரலாம் லா.”

மெர்கோங்கில் ஆடு

வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கப் பழகிக்கொண்டே காரை ஓட்டினேன். கோவிந்தன் அண்ணன் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டியதும், போட்டிருந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பூஜையன்று எப்படிப் புத்தகத்தைத் திறப்பது, என்னிடம் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து அவரும் தவித்தாராம். வந்திருந்த இருபது பேரில் ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை. தேதி வைத்தவள் யார் என்று மட்டும் நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

பாக்கியம் அக்கா எழுந்து ஆட்டுக் கதையைச் சொன்னார். மானேஜர் தொப்பியைத் தேடியது, ஆடு கட்டிலுக்கடியில் ஒளிந்தது, எல்லாம் எழுத்தில் இருந்தபடியே. முடிவில் மட்டும், புத்தகத்தில் தொப்பி செரிக்காமல் செத்துப்போகிற ஆடு, அக்கா வாயில் பிழைத்து இரண்டு குட்டி போட்டது. முடிவு மாறுகிறதே என்று நான் மெதுவாக அக்காவின் சேலையை இழுத்தேன். அது தங்கள் வீட்டு ஆடு, படுத்திருந்ததைத்தான் அண்ணன் பார்த்தார், மறுவாரமே வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார் என்றார் அக்கா. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

“இத்தனை வருஷமா அந்த ஆட்ட நான்தான் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன்.”

மறுநாளே பொட்டும் சந்தனமுமாக யானுக்குத் திரும்பிவிட்ட அந்தப் புத்தகத்தால் நான் கற்றது, தேதி வைப்பதற்கு முன்னால் பாக்கியம் அக்கா வீட்டுக் காலண்டரைப் பார்க்க வேண்டும் என்பதுதான்.