சதுப்பில் முப்பத்தொரு வருஷம்

ஹெல்வேவுக்குத் தார்த்து நகரத்து ஆய்வுக்கூடத்தில் விண்ணப்பம் எழுதுகிற வேலை. ஐரோப்பிய ஆய்வுப் பணத்துக்காகப் பெரிய நாட்டுக்காரர்கள் எஸ்தோனியா மாதிரிக் குட்டி நாட்டைக் கூட்டுச் சேர்ப்பது, கல்யாண போட்டோவில் ஓரமாக நிற்க ஆள் பிடிக்கிற கதைதான். ஆனாலும் இந்த முறை பணம் கிடைத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் சதுப்புக்குள் இருக்கும் அளவை நிலையத்தை மூடிவிடுவார்கள். அங்கே தண்ணீர் மட்டம் அளக்கும் உர்மோ பின்லாந்துக்கு வேலை தேடிப் போய்விடுவார். நிலையமா, உர்மோவா, எது போனால் ஹெல்வேவுக்கு அதிகக் கவலை என்று கேட்டால் ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

ஆய்வுக் கூட்டணியின் தலைவர் யோகிம் ஜெர்மனியிலிருந்து போன் செய்தார்.

"'எங்கள் பணி மோசமில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. இப்படி எழுதினா யாரு காசு குடுப்பாங்க?"

"எங்க ஊர்ல அது பெரிய பாராட்டுங்க. என் அம்மா என்னப் பத்தி அவ்வளவுகூடச் சொன்னதில்ல."

"உலகத்துலயே முதல் தரம்னு போடுங்க. நாளைக்குச் சாயங்காலம் கெடு."

போட்டாள். முகம் சூடேறியது. அழித்தாள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. அதற்குள் சதுப்பின் மேல் போட்ட பலகைப் பாதை நீண்டுகொண்டே போவதாகவும், கறுப்புக் குளங்களில் வானம் கிடப்பதாகவும், தான் எழுதிய எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாக அதில் இறங்கி மறைவதாகவும் அவளுக்குத் தோன்றியது.

ரப்பர் பூட்ஸ் சத்தம். உர்மோ அந்த மாதத்து அளவுகள் குறித்த நோட்டைக் கொடுக்க வந்திருந்தார்.

"உன்ன மாதிரி யாராவது அளக்கறாங்களா, உர்மோ?"

"தெரியல. போய்ப் பாத்ததில்ல."

"லீவே போட்டதில்லையா?"

"முப்பத்தொரு வருஷத்துல ரெண்டு நாள். அம்மா செத்தப்ப ஒண்ணு. இன்னொரு நாள் பலகை மேல கரடி நின்னுச்சு."

"நோட்டுல என்ன எழுதின?"

"கரடின்னு."

ஹெல்வே முதல் தரம் என்று போடாமல், அந்த முப்பத்தொரு வருஷக் கணக்கை அப்படியே விண்ணப்பத்தில் எழுதி அனுப்பினாள்.

"கரடியுமா?" என்றார் யோகிம்.

"எடுத்துட்டா ஒரு நாளுக்குக் கணக்கு இல்லாமப் போயிடும்."

மே மாதம் முடிவு வந்தது. மற்றவர்களின் பெருமைக்கெல்லாம் ஆதாரம் கேட்டிருந்த நடுவர்கள், எஸ்தோனியப் பக்கத்தை மட்டும் நம்பலாம் என்று எழுதியிருந்தார்கள். பணமும் கிடைத்தது. திட்டத்தில் தண்ணீர் பற்றிய பகுதிக்கு நீங்களே தலைமை தாங்குங்கள் என்றார் யோகிம்.

ஹெல்வே சதுப்புக்கு வண்டியை விட்டாள். உர்மோ பலகையில் குனிந்து, கோலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்.

"நிலையத்துக்கு இன்னும் நாலு வருஷம் கிடைச்சிருக்கு."

அவர் முதலில் தண்ணீர் மட்டத்தை நோட்டில் குறித்தார். பிறகு, அவள் நிற்க இடம் விட்டு, பலகையில் கொஞ்சம் தள்ளி நின்றார்.