எட்டு டிஸ்க்கும் ஒரு சிவப்பு லைட்டும்

போன வெள்ளிக்கிழமை ஓர்ஸ் ஹில்லில் நசீர் நானாவின் வீட்டோடு சேர்ந்த கடைக்குப் போனேன். மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். கம்ப்யூட்டர் ஓடவில்லை. அது ஓடாமல் நான் பார்த்ததே இல்லை!

நானா கலியாண வீடியோக்காரர். கிண்ணியா, மூதூர், டவுன் எங்கும் அவர்தான். என் கலியாணத்தில் என்னைவிட அதிக நேரம் மேடையில் நின்றவர். கேசட்டுகள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதும், எட்டு ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்த ஒரு பெட்டியில் எல்லாக் கலியாணங்களையும் ஏற்றி வைத்தார்.

சண்டைக்குள் மூதூரிலிருந்து சனங்கள் உடுத்த உடுப்போடு ஓடி வந்தார்களே... அவர்களின் கலியாணங்கள் மிஞ்சியிருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். பரீதாவும் அப்படி வந்தவள். அவளுடைய வாப்பா இப்போது இல்லை, மவுத்தாகிவிட்டார். அவர் நடக்கிற, சிரிக்கிற ஒரே படம் அவளுடைய கலியாண வீடியோ. "வெள்ளிக்கிழம வாங்க மகள், கொப்பி எடுத்து வைக்கிறன்" என்று நானா சொல்லியிருந்தார்.

டிஸ்க்குகள் பழைய ஃபார்மட். நீண்ட படத்தை ஒரே ஃபைலாக ஏற்காது. துண்டு துண்டாகத்தான் வைக்க வேண்டும். புதிய ஃபார்மட்டுக்கு மாற்றலாம். ஆனால் அதுவரை எல்லாவற்றையும் இறக்கி வைக்க இன்னொரு பெட்டிக்கு எங்கே போவது? அதனால் பழைய பகுதியைக் கொஞ்சம் சுருக்கி, கிடைத்த இடத்தில் புதியதை அமைத்து, படங்களை அதற்குள் நகர்த்தி, மறுபடி சுருக்கி... குடியிருக்கிற வீட்டுக்குள்ளேயே சாமான்களை மூலைக்கு மூலை தள்ளிச் சீமெந்து போடுகிற வேலை. சுருக்குகிற நேரத்தில் மட்டும் மெஷின் நிற்கவே கூடாது, நின்றால் படங்கள் போய்விடும்.

அதற்குத்தான் யூபிஎஸ் பேட்டரி இருந்தது. இரண்டு நாள் முன்பு அந்தச் சுருக்குகிற வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. "கரண்ட் போனாலும் இத நூத்துப்போடாத" என்று, அணைக்கவே கூடாதென்று மனைவி ராத்தாவிடம் சொல்லிவிட்டு, நானா அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் போயிருக்கிறார்.

சீனன்குடா முகாம் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது அப்போதுதான். கரண்டும் போனது. நாம் என்ன செய்வோம்? வெளிச்சம் தெரிந்தால் குண்டு விழுமே என்று விளக்கைக் கூட அணைத்துவிட்டு நிலத்தில் இருப்போம். தெருவே இருட்டு. நானா வீட்டு ஜன்னலில் மட்டும் மானிட்டர் வெளிச்சம், யூபிஎஸ்ஸின் சிவப்பு லைட், கீக் கீக் என்ற சத்தம்!

"ஆற்ற வீட்டு லைட் அது? நூத்துப்போடுங்கோ!" தெருவிலிருந்து யாரோ கத்தினார்கள்.

ராத்தா சுவிட்சைத் தட்டிவிட்டார். வேலை பாதியில் நின்று, பெட்டிக்குள் இருந்த கலியாணங்கள் போயின. பிறகுதான் தெரிந்தது, அந்த வெடி ஏதோ படைப் பயிற்சியாம்.

"பரீதாட படத்தையாவது முதல்ல ஒரு சிடியில அடிச்சிருக்கலாமே நானா?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி... வாப்பா சிரிக்கிற இடத்தில வெட்டு வருது. முழுசாக் குடுக்கவெண்டு நினைச்சனான்."

அந்த வெட்டோடேயே கொடுத்திருக்கலாமே மனுஷா! அரைகுறையாகக் கொடுக்க மனம் வராத நல்லவர்களால் எத்தனை விஷயங்கள் நம் கைக்கு வந்து சேராமலே போய்விடுகின்றன!

பரீதா வந்தாள். ராத்தாதான் எல்லாவற்றையும் அழுதழுது சொன்னார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கலியாணங்கள் மீண்டன, இவளுடையது இல்லை. பரீதா அணைந்து கிடந்த மானிட்டரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ராத்தாவின் கையைப் பிடித்தாள்.

"அழாதீங்க ராத்தா. நானெண்டாலும் நூத்துத்தான் இருப்பன்."

நேற்று பின்னேரம் எங்கள் தெருவில் ஒரு லொறி டயர் வெடித்தது. என் கை எங்கே இருந்தது தெரியுமா? சுவிட்சில்!