வேர்வை ஓநாய்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்தைப் படித்து டைப் பண்ணுகிற ஆசிரியர் தம்பிக்குப் போன வாரம் தலைவலி வந்துவிட்டதாம். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கையெழுத்து வேறு எப்படி இருக்கும்? ‘ர’ வருகிற இடத்தில் ‘ற’ போடுவேன். கொம்பு விட்டுப்போகும். எல்லாவற்றையும் தம்பி திருத்திவிடுவார். வாராவாரம் இந்தப் பத்தியில் நல்ல தமிழாக உங்கள் கண்ணில் படுவதெல்லாம் அவருடையது.

ஆனால் தம்பி, இந்த வாரம் ஒரே ஒரு சொல்லை மட்டும் தொடாதீர்கள். ‘வேர்வை’ என்று எழுதியிருக்கிறேன். ‘வியர்வை’ என்று மாற்றிவிட வேண்டாம். மாற்றினால் கதையே போச்சு.

போன மாதம் ஒரு நாள் காலை. கடையில் ஆட்டுத் தொடை வெட்டிக்கொண்டிருக்கிறேன். (புதிதாகப் படிக்கிறவர்களுக்கு — மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ஹலால் கறிக்கடையில் வேலை பார்க்கிறவன் நான். கூச்ச சுபாவம். நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.) வீட்டிலிருந்து போன். என் மனைவி ஷமீம்.

“என்னங்க... ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்க. நம்மள உடனே வரச் சொல்றாங்க.”

“பாப்பாவுக்குக் காய்ச்சலா?”

“இல்லங்க. பாப்பா கிளாஸ்ல ஏதோ சொல்லிருக்கா. பிள்ளைங்க நலன் பாக்குற கவுன்சிலர் உங்ககிட்ட பேசணுமாம். உங்ககிட்ட தனியா.”

தனியாக. அந்தச் சொல்லைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் இங்கிலீஷ் பேச வேண்டிய இடத்துக்கெல்லாம் ஷமீம்தான் போவாள். பிளஸ் டூ படித்தவள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். எங்கள் குடும்ப ஏற்பாடு அது.

பாப்பா என்பது ஆயிஷா. ஏழு வயது. இரண்டாம் கிளாஸ். வாரக் கடைசியில் வீட்டில் எல்லாரும் சேர்ந்து என்ன செய்வீர்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். மற்ற பிள்ளைகள் பீட்சா, மால், பாட்டி வீடு என்று சொல்லியிருக்கின்றன. எங்கள் பிள்ளை எழுந்து சொன்னதாவது —

சனிக்கிழமை ஆனால் எங்கள் அத்தா மிருகமாக மாறிவிடுவார். அம்மாதான் அவரைப் பூட்டி வைப்பாள். சில நாள் அவர் சட்டையில் ரத்தம் இருக்கும். கடைசியில் நான் அவரைக் கொன்றுவிடுவேன்.

டீச்சர் உடனே கவுன்சிலருக்குச் சொல்லிவிட்டாராம். அத்தா என்றால் அப்பா, நான்தான்.

அத்தனையும் உண்மை. அதுதான் சிக்கல்.

விளக்கிவிடுகிறேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய ஓநாய் மனிதன் படங்கள் பார்ப்பேன். ஹாலிவுட் படம் இல்லை. ஸ்பெயின், இத்தாலி பக்கம், கையில் துட்டில்லாமல் யாரோ ஆசை ஆசையாக எடுத்த படங்கள். எங்கள் டவுன் லைப்ரரியில் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கிறது. அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நான் வேறு ஒருவரையும் பார்த்ததில்லை.

“இதுல என்னதாங்க இருக்கு? கரடி வேஷம் கட்டின ஒருத்தன் ஓடுறான்... ஆறு பேரு பந்தம் பிடிச்சுட்டுத் துரத்துறாங்க...” என்பாள் ஷமீம்.

ஆறு பேர்தான். ஊரே திரண்டு வருகிறது என்று காட்ட ஆறு பேர். அதே ஆறு பேர் அடுத்த படத்திலும் வருவார்கள். எனக்கு அவர்கள் பழக்கமாகிவிட்டார்கள்.

ஏன் பிடிக்கிறது? யோசித்துப் பார்த்தேன். முதல் காரணம் டப்பிங். நடித்தவர்கள் அவரவர் பாஷையில் பேசியிருக்கிறார்கள். அதன்மேல் இங்கிலீஷை ஒட்டியிருக்கிறார்கள். வாயை மூடின பிறகும் பேச்சு வரும். வாய் திறந்திருக்கும்போது வராது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் பிழைப்பும் அதுதானே? வாய் என்னுடையது, குரல் ஷமீமுடையது. மற்ற படங்களைப் பார்த்தால் எனக்குத் தாழ்வாக இருக்கும். இந்தப் படங்களில் மட்டும் இல்லை. அங்கே ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

அப்புறம் நிலா. நமக்கு இங்கே நோன்பு வந்தால் பிறை பார்த்தாச்சா இல்லையா என்று இரண்டு கட்சி. பள்ளிவாசலில் ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் படங்களில் அந்தச் சண்டையே இல்லை. எல்லா ராத்திரியும் பௌர்ணமி. அதே நிலா, அதே மேகம், அதே பக்கமாகப் போகும்.

மாறுகிற காட்சி இருக்கிறதே... பெரிய படமென்றால் கம்ப்யூட்டர் வைத்து எலும்பை நீட்டுவார்கள், தோலைக் கிழிப்பார்கள். இவர்களுக்கு அதற்கு வழியில்லை. கதாநாயகன் நாற்காலியில் உட்காருவான். முகத்துக்குக் கிட்டே காமிரா. வேர்க்கும். நெற்றி, மேலுதடு, கழுத்து... முத்து முத்தாக. உடனே நிலா. மறுபடி முகம் — கொஞ்சம் ரோமம். நிலா. இன்னும் கொஞ்சம் ரோமம். நடுவில் தலை லேசாக நகர்ந்திருக்கும். பரவாயில்லை என்று விட்டிருக்கிறார்கள். அந்த ‘பரவாயில்லை’ எனக்குப் பிடிக்கும்.

படத்து டப்பாமேல் என்ன போட்டிருக்கிறது என்று ஆயிஷாவிடம் கேட்டேன். “வேர்வுல்ஃப்” என்றாள். வுல்ஃப் என்றால் ஓநாய், அது தெரியும். வேர்? வேர்வைதான்! வேர்த்துக் கொட்டி ஓநாயாகிறவன். எவ்வளவு பொருத்தமான பெயர்! இங்கிலீஷ்காரன் இதை நம்மிடமிருந்துதான் எடுத்திருக்கிறான் என்று பெருமைகூடப் பட்டேன். யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டுமே...

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மாறுவதற்கு முன்னால் அவன் சொல்லிவிடுவான். “இன்று என் அறையை வெளியே பூட்டிவிடுங்கள். நான் கெஞ்சினாலும் திறக்காதீர்கள்.” ஒரு படம் பாக்கியில்லாமல் சொல்லுவான். ஒருவரும் நம்ப மாட்டார்கள். நல்ல மனிதரைப் போய் எப்படிப் பூட்டுவது என்பார்கள். பெரிய படத்து ஓநாய்க்கு முகமே கிடையாது, பல்தான். இவனுக்கு ரோமத்துக்கு நடுவே கண் தெரியும். பாவமான கண். வெள்ளி ஆயுதத்தால்தான் சாவான் — அதுவும் அவன்மேல் பாசம் வைத்தவர் கையால்.

இந்தக் கதையை ஆயிஷாவுக்குச் சொன்னேன். படத்தைக் காட்டவில்லை, கதை மட்டும். அதிலிருந்து வந்ததுதான் சனிக்கிழமை விளையாட்டு. என் குளிர்காலக் கோட்டுக்கு உள்ளே ரோமம்; அதைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். கோட்டு மாட்டுகிற க்ளோசெட்டுக்குள் போய் நிற்பேன். “பூட்டிக்கோ பாப்பா, நான் மாறப் போறேன்” என்பேன். ஷமீம் கதவைச் சாத்துவாள். ஆயிஷா “ரெடி!” என்று கத்துவாள். நான் உறுமிக்கொண்டு வெளியே வருவேன். அவள் ஒரே அடி — விழுந்து செத்துவிடுவேன்.

வெள்ளி ஆயுதத்துக்கு எங்கே போவது? எவர்சில்வர் கரண்டி. எவர்சில்வர் என்றால் என்றைக்கும் சில்வர் என்றுதானே அர்த்தம்? சாதாரண வெள்ளியைவிட ஒரு படி மேல்.

சட்டையில் ரத்தம்? சனிக்கிழமைதான் கடையில் கூட்டம்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். காரை விட்டு இறங்கும்போது ஷமீம் சொன்னாள்: “பிள்ளைய வீட்டுக்கு விடாம வச்சுக்குவாங்களாமேங்க... பார்சிப்பனிங்கிற ஊர்ல யாருக்கோ அப்படி ஆச்சாம்.”

ஆச்சோ இல்லையோ, ஓடாத குறையாக உள்ளே போனேன்.

கவுன்சிலர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். ஷமீமை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். ஒவ்வொருவராகப் பேசுவதுதான் முறையாம். மேஜையில் ஒரு ஸ்பீக்கர் போன். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி.

“வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்ப்பாளர். தாங்கள் கூறுவதை அப்படியே ஆங்கிலத்தில் கூறுவேன். தாங்கள் வாரந்தோறும் மிருகமாக மாறுவதாகத் தங்கள் மகள் கூறியிருக்கிறாள். அது பற்றிக் கேட்கிறார்கள்.”

“ஆமாங்க.”

“ஆம் என்றே கூறிவிடலாமா ஐயா?”

“உண்மை அதானேங்க. வேர்வுல்ஃப். வேர்வை ஓநாய்.”

போன் அம்மா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ‘ஸ்வெட்’ என்று காதில் விழுந்தது. கவுன்சிலர் புருவத்தைச் சுருக்கினார்.

“தங்களுக்கு எதனால் வியர்க்கிறது என்று கேட்கிறார்கள்.”

“பௌர்ணமிங்க.”

“சட்டையில் இரத்தம்...?”

“ஆட்டு ரத்தங்க. சில நாள் கோழி.”

“தங்கள் மனைவி தங்களைப் பூட்டி வைப்பது ஏன்?”

“நான்தாங்க பூட்டச் சொல்றது.”

“தங்கள் மகள் தங்களைக் கொல்வது...?”

“எவர்சில்வர் கரண்டியாலங்க.”

“எவர்சில்வருக்கு ஆங்கிலத்தில்... ஒரு நிமிடம், ஐயா.”

ஒவ்வொரு பதிலும் சத்தியம். ஒவ்வொரு பதிலுக்கும் கவுன்சிலர் முகம் இறுகிக்கொண்டே போகிறது. நான் வாயை மூடுகிறேன்... அதற்கப்புறம் என் பேச்சு ஒரு பெண் குரலில் வெளியே வருகிறது. நான் பார்க்கிற படத்துக்குள்ளேயே என்னைக் கொண்டு உட்கார வைத்துவிட்டார்கள்!

கதவில் சின்னக் கண்ணாடி. அதன் வழியே ஷமீம் தெரிந்தாள். முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். என் பெயர், என் தாடி, என் தொழில் — அந்த அறையில் மூன்றும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகத் தோன்றியது. ஊரே எங்களைச் சந்தேகமாகப் பார்க்கிற காலம்தானே. இன்னும் இரண்டு கேள்வி போனால் என் பிள்ளை என்னோடு வீட்டுக்கு வர மாட்டாள் என்று நினைத்தேன். அப்போது வேர்த்தது பாருங்கள்... நெற்றி, மேலுதடு, கழுத்து.

“மேடம், ஒன் மினிட்” என்று எழுந்தேன்.

கோட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். ரோமம் வெளியே. நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலே டியூப் லைட்டைப் பார்த்தேன் — அதுதான் நிலா. கையால் முகத்தை மூடினேன். எடுத்தேன். மறுபடி மூடினேன். எடுத்தேன். கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தால் ஓடி ஒளிகிறவன் நான். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில், ஒரு அதிகாரி அம்மாவுக்கு முன்னால், தலையைத் தூக்கி ஊளையிட்டேன்.

போன் பதறியது. “ஐயா? அது என்ன ஒலி? அதை எவ்வாறு மொழிபெயர்ப்பது?”

“ஓ! வேர்வுல்ஃப்!” என்று கவுன்சிலர் மேஜையைத் தட்டினார். சிரித்துவிட்டார். அவர் சொன்ன வேர்வுல்ஃபுக்கும் நான் சொன்ன வேர்வுல்ஃபுக்கும் என்ன வித்தியாசமோ, எனக்குத் தெரியவில்லை. போனுக்குள்ளேயும் செய்தி வாசிக்கிறவர் சிரித்த சத்தம் கேட்டது.

ஆனால் கவுன்சிலர் அதோடு விடவில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்கள் இப்படிச் செய்யும்போது குழந்தை பயப்படுகிறாளா என்று கேட்கிறார்கள், ஐயா.”

நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தால் நானே ஒரு தடவைகூட ஆயிஷாவிடம் அதைக் கேட்டதில்லை.

“எனக்குத் தெரியலீங்க. அவளையே கேளுங்க” என்றேன். ஏழு வயதுப் பிள்ளை என்ன சொல்லுமோ?

கூட்டி வந்தார்கள். கோட்டைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிற அத்தாவைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே வெட்கம். “அத்தா, நாட் ஹியர்!” என்றாள். கவுன்சிலர் அவள் உயரத்துக்குக் குனிந்து, பயமாக இருக்குமா என்று கேட்டார்.

“நோ” என்றாள். “ஹி ஆல்வேஸ் டெல்ஸ் அஸ் ஃபர்ஸ்ட்.”

அத்தா எப்போதும் முதலிலேயே சொல்லிவிடுவார். நான் ரெடி என்றால்தான் வெளியே வருவார். மொழிபெயர்ப்பு வரும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஆயிஷா கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள்:

“அண்ட் ஹி டைஸ் சூப்பர் ஈஸி.”

கவுன்சிலர் பேனாவை மூடினார்.

கிளம்பும்போது அந்தச் சொல்லுக்கு விளக்கமும் கொடுத்தார். வேர் என்றால் ஏதோ பழைய இங்கிலீஷில் மனிதன் என்று அர்த்தமாம். வேர்வைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாதாம். இருக்கட்டும். எனக்கு என் அர்த்தமே போதும்.

ஏனென்றால் நான் கொஞ்சம் ஓநாய்களைப் பார்த்திருக்கிறேன். தினம் குட் மார்னிங் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர், இரண்டாயிரத்து ஒன்றில் இரட்டைக் கோபுரம் இடிந்தபோது ஒரே நாளில் மாறினார். கறி எடைபோடும்போது சிரித்துப் பேசுகிறவர், ஒரு எலும்பு கூடிவிட்டால் மாறுவார். பிறை விஷயத்தில் சொந்த மச்சானே மாறினார். இவர்களில் ஒருவருக்காவது முன்கூட்டி வேர்த்ததா? பூட்டிக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? அந்தத் துட்டில்லாத படத்து ஓநாய்க்கு இருக்கிற நாகரிகம்...

என்னையும் சேர்த்துத்தான். எனக்கும் கோபம் வரும், சொல்லிவிட்டு வந்ததில்லை. இப்போது வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கடையில் நாள் சரியில்லை, எரிச்சலோடு வருகிறேன் என்றால் வாசலிலேயே சொல்லிவிடுவேன்: “இன்னைக்கு வேர்க்குது.” அவ்வளவுதான். டீ வரும், கேள்வி வராது. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும்.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று மூன்று வாரமாக நினைத்து, கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டேன். இன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்து பேப்பரை எடுத்துப் பாதி எழுதும்போது சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. வாசற்படியில் ஷமீம் வந்து நின்றாள். வெளியே நல்ல குளிர்.

“என்னங்க,” என்றாள், “எனக்கு வேர்க்குது.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆயிஷாவையும் பேப்பரையும் தூக்கிக்கொண்டு க்ளோசெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மீதியை அங்கே வைத்துத்தான் எழுதினேன். கையெழுத்து இன்னும் மோசமாக இருப்பது அதனால்தான், தம்பி.

மார்ச் 3, 2007. சனிக்கிழமை. பௌர்ணமி.