வாசல் வாசலாக நகர்ந்த குழி

தெருவில் சுண்ணாம்புத் தூளால் போட்ட ஒரு கட்டம். நாலடி நீளம், மூன்றடி அகலம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வாரம் முழுக்க அந்தக் கட்டம் எங்கள் தெருவில் வாசல் வாசலாக நகர்ந்துகொண்டிருந்தது. இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகராட்சியில் நான் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். மண்ணுக்குள் கிடந்த குடிநீர்க் குழாய்களுக்கு என் அப்பாவைவிட வயது அதிகம். அவற்றை எந்தெந்தத் தெருவில் மாற்றுவது என்று பட்டியல் போடும் பொறுப்பு எங்கள் இன்ஜினியரிடம் வந்தது. எங்கள் தெருக் குழாய் சாக்கடையை ஒட்டியே போகும். தண்ணீர் விட்ட கொஞ்ச நேரம் நாற்றமும் சேர்ந்து வரும். மழைக்காலத்தில் யாராவது மஞ்சள் காமாலையில் படுப்பார்கள். அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்பதில் இன்ஜினியருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோவையிலிருந்த பெரிய அதிகாரி வாய்வார்த்தையை நம்புகிறவர் இல்லை. ஓரிடத்தில் தோண்டி வையுங்கள், சனிக்கிழமை காலை வந்து கண்ணால் பார்க்கிறேன், குழாய் இற்றிருந்தால் தெருவைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு குழி. அவ்வளவுதான் வேலை.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "தாராளமாத் தோண்டுங்க, நம்ம நல்லதுக்குத்தானுங்களே. நாளைக்கு மட்டும் நூல் லாரி வருதுங்க" என்றார் ஒரு வீட்டுத் தறிக்காரர். அடுத்த வீட்டு அம்மா இன்ஜினியரை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, "வேண்டாமுன்னு சொல்லலீங்க. புள்ளை பிரசவத்துக்கு வந்திருக்கறா, வாசல்ல குழி கெடந்தா எப்படீங்க" என்றார். இன்ஜினியர் மோரை மிச்சமில்லாமல் குடித்தார். "அதுக்கென்னுங்க, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்" என்றார். ஒவ்வொரு வாசலிலும் இதே பதில். கூட வந்த ஆள் காலால் சுண்ணாம்பைத் தேய்த்து அழித்துவிட்டு, அடுத்த வாசலில் புதிதாகத் தூவுவான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இத்தனை தங்கமான மனுஷர் எதற்கு இந்த வேலைக்கு வந்தார் என்று அத்தனை கோபம்.

"இப்படியே போனா ஊர் எல்லைக்குப் போயிருவோமுங்க சார்" என்றேன்.

"ஒருத்தருக்கு விட்டுக்குடுத்துப் போட்டு இன்னொருத்தருக்கு எப்படித் தம்பி முடியாதுன்னு சொல்றது?" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டம் தெருக்கோடியில் ஒரு காலி மனைக்கு முன்னால் போய் நின்றது. அங்கே மறுத்துப் பேச ஆளில்லை. தோண்டினார்கள். உள்ளே குழாய் புதுக் கருக்கு மாறாமல் கிடந்தது. எப்போதோ பாரவண்டி ஏறி உடைந்தபோது அந்தத் துண்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வரைபடத்தில் யாரும் குறிக்கவில்லை. இன்ஜினியர் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். வேறு குழி தோண்டப் பொழுதும் இல்லை, ஆளும் இல்லை.

மறுநாள் அதிகாரி வந்தார், சாவிக்கொத்தால் குழாயை இரண்டு தட்டு தட்டினார். "நல்லாத்தானே இருக்கு?" இது மட்டும் மாற்றிய துண்டு என்று இன்ஜினியர் மென்று விழுங்கினார். "அப்பப் பழசைத்தானே காட்டியிருக்கணும்?" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். பட்டியலில் எங்கள் தெரு இல்லை.

தறிக்காரரையும் மோர் கொடுத்த அம்மாவையும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? திங்கட்கிழமை அந்தக் கட்டம் முதன்முதலில் விழுந்தது எங்கள் வீட்டு வாசலில். குழாய்க்கும் சாக்கடைக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாத இடம் அதுதான் என்று வரைபடத்தை விரித்துக் காட்டியவனும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், வாசல் வெட்டிப்போட்டுக் கிடந்தால் என்ன நினைப்பார்கள் என்று அம்மா சொன்னாள். நான் போய், "சார், ரெண்டு வாசல் தள்ளிப் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டேன். "அதுக்கென்ன தம்பி" என்றார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கேட்கத் துணிவு வந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த மழைக்காலத்தில் காமாலை எங்கள் வீட்டுக்குள் வந்தது. தங்கையின் கல்யாணத்தன்று அம்மா கோவையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். இன்ஜினியர் முகூர்த்தத்துக்கு வந்துவிட்டு, நேராகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். "புள்ளை மகராசியாட்டம் இருந்துதுங்க" என்று தங்கை கட்டியிருந்த சேலையின் நிறம் வரைக்கும் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். குழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடமும் கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது எங்கள் தெருவில் புதுக் குழாய் ஓடுகிறது. அம்மாவும் இல்லை, அவரும் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. முடியாது தம்பி என்று அன்றைக்கு என் ஒருவனிடம் சொல்லியிருந்தால் போதும்.