தண்ணீர் ஊற்றிய நிறம்

எழுபதுகளின் பிற்பகுதியில் பழங்காநத்தத்தில் குடியிருந்தோம். கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டுப் பெண்கள் பள்ளியில் அறிவியல் கற்பித்து வந்த எனக்கு, எங்கள் சபைக் குடும்பங்களிடையே வேறொரு நற்பெயரும் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் வைக்கும் ஒயினில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இராது என்பார்கள். மதுவிலக்குக் காலத்திலும் அந்த வீட்டு ஒயினை எவரும் மதுவாக எண்ணியதில்லை. கேக்கோடு சிறு கிளாஸில் தருகிற உபசாரம், அவ்வளவே. தண்ணீர் கலந்து அளவைக் கூட்டுவதுதான் இழிவு. அதற்கான தீர்ப்பை நிறத்தைப் பார்த்தே வழங்கிவிடுவார்கள். கருஞ்சிவப்பு என்றால் மரியாதையான வீடு, வெளிறியிருந்தால் கஞ்ச வீடு.

ஓர் ஆண்டு கம்பத்துக் கறுப்புப் பன்னீர் திராட்சை மழையில் வெடித்துப்போனது. நல்லதாகப் பொறுக்கியெடுத்தது அரை ஜாடிக்குத்தான் வந்தது. பச்சைத் திராட்சை தாராளமாகக் கிடைத்தது. பீட்ரூட் சாறு விட்டுச் சிவப்பாக்கும் வீடுகளை நான் அறிவேன். எனக்கு அதில் சம்மதமில்லை. நிறம் இருப்பது தோலில். ஆகவே கறுப்பைத் தோலோடு ஒரு ஜாடியிலும், பச்சையைப் பிழிந்து மற்றொன்றிலும் வைத்தேன். பச்சை புளித்ததால் சர்க்கரையைக் கூட்டினேன். ஈஸ்ட் அதையெல்லாம் தின்று ஆல்கஹாலாக்கியிருப்பது வடிகட்டிச் சுவைத்தபோது தெரிந்தது. பின் இரண்டையும் கலந்தேன். ரோஜா நிறத்தில் தெளிந்து நின்றது. கறுப்பின் மணமும் பச்சையின் கூர்மையும் ஒன்றையொன்று அழுத்தாமல் இருந்தன. எனக்கு நிறைவாக இருந்தது. ஆனால் விருந்தினர் முதலில் கண்ணால் அருந்துகிறவர்கள்.

பண்டிகையன்று ஒத்தக்கடையிலிருந்து வந்த என் நாத்தனார் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மதினி, எம்புட்டுத் தண்ணி ஊத்துனீங்க?”

“ஒரு சொட்டும் இல்ல. பச்சையும் கறுப்பும் கலந்தது.”

“பச்சைத் திராட்சையா, பச்சைத் தண்ணியா?”

என் கணவரின் தாய்மாமன், சபை மூப்பர், அவளை அடக்கினார். “விடு தாயி. விலைவாசி அப்படி. டீச்சரம்மாவும் என்ன செய்யும்?”

கேலியைவிட அந்த ஆறுதல் என்னைச் சுட்டது.

“மாமா, மெதுவாக் குடிங்க. கொஞ்சம் கடுமையா இருக்கும்.”

“இதுவா? சர்பத்து மாதிரியில்ல போகுது. ஊத்தும்மா, தண்ணிக்குமா கஞ்சத்தனம்?”

எல்லாரும் சிரித்தார்கள். ஊற்றினேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் ஊற்றினேன்.

மூத்தவர் ஜெபித்த பிறகே எங்கள் வீட்டில் சோறு பரிமாறுவோம். மாமா எழுந்து, நாற்காலியின் முதுகைப் பற்றியபடி தொடங்கினார். ஒவ்வொரு குடும்பமாக ஆசீர்வதித்து முடித்தார். முடித்ததும் முதல் குடும்பத்திலிருந்து மீண்டும் ஆரம்பித்தார். கொல்லைக் கோழிகளுக்கு நீண்ட ஆயுளை வேண்டினார். அவற்றுட் சில அப்போது குழம்பில் இருந்தன.

நாத்தனார் கண்ணைத் திறக்காமலே என் பக்கம் சாய்ந்தாள். “மதினி, நீங்க தண்ணி ஊத்தல. ஒத்துக்கிறேன். மாமாவ உக்கார வைங்க.”

பழியை எல்லார் முன்னும் சொன்னவள் அதைத் திரும்பப் பெறுவதை மட்டும் காதோடு செய்வது எனக்கு முறையாகப் படவில்லை. “ஆமென் சொன்னதும் இதையே சத்தமாச் சொல்லு,” என்றேன்.

“மொதல்ல ஆமென் வரட்டும், மதினி.”

பந்தியில் சொன்னாள், எல்லாரும் கேட்கும்படியாகவே. மாமா மட்டும் கேட்கவில்லை, அவர் உறங்கிப்போயிருந்தார்.