நாலாவது சக்கரம்

என் மகளின் காருக்கு மெக்கானிக்கே தேவையில்லை என்று ஆண்டர்சன்பேட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். சின்ன எஸ்யூவிதான். ஏர் ஃபில்டரைக் கழற்ற கிளிப்பைத் தூக்கினால் போதும். வைப்பர் மாற்ற ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். அந்தச் சுலபம் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

அன்று காலை அவள் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பும் முன், டயர்கள் சமமாகத் தேயட்டும் என்று முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து நின்றாள்.

“நட்டு டைட்டா கீதான்னு நான் பாக்கட்டா?”

“நீ இன்னா பாக்கப்போற? போய் காபி போடு.”

“மைன்ஸ்ல மட்டும் ரெண்டு பேரு பாக்கணும். ஊட்ல நீங்க ஒருத்தரே போதும், இல்ல?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உண்மைதான். சுரங்கத்தில் இன்ஜினியராக இருந்தவரை, ஒருவன் முறுக்கிய நட்டை அவனே சரிபார்க்க நான் விட்டதில்லை. முறுக்கியவன் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான். வேறொருவன் பார்த்துவிட்டு, குறுக்கே இன்னொரு கோடு போடுவான். அது இல்லாமல், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் இறங்காது.

கடைசியாகப் பின்பக்க இடது சக்கரம். நட்டுகளைக் கையால் திருகி, ஜாக்கியை இறக்கினேன். வண்டி தரையில் நின்ற பிறகு ஸ்பேனரால் இறுக்க வேண்டும். அப்போது காபி வந்தது. குடித்தேன். மகள் கிளம்பிப் போனாள்.

அதன்பிறகுதான் கேள்வி வந்தது. இறுக்கினேனா?

ஸ்பேனரைக் காலால் மிதித்து இறுக்கியது ஞாபகம் இருந்தது. ஆனால் அது எந்தச் சக்கரம்? காபிக்கு முன்னாலா, பின்னாலா? கால் வலிக்கிறதா என்று பார்த்தேன். வலித்தது, ஆனால் அது தினமும் வலிக்கிற கால்.

உடனே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று இனிமேல் வண்டியைத் தொடவே விடமாட்டாள் என்ற பயம். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துவிட்டு, கடைசியில்தான் கூப்பிட்டேன்.

“வண்டிய ஓரமா நிறுத்தும்மா. பின்னாடி லெஃப்ட் வீல் நட்டைப் பாரு.”

“இன்னாப்பா இது! பங்காருபேட்டையே தாண்டிட்டேன்.”

போனில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்துப் பேசினாள்.

“டைட்டாதான்பா இருக்கு. உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு?”

“இப்பதாம்மா.”

இறுக்கித்தான் இருந்ததா, அல்லது அவள் இறுக்கிவிட்டு அப்படிச் சொன்னாளா? இன்றுவரை தெரியவில்லை. கேட்கலாம். நிஜத்தைச் சொல்லு என்று நான் கேட்டால், அவளும் அதையே என்னிடம் கேட்பாள்.